இடது தொடையில் ஒரு துண்டு

தோலுக்கு மட்டும்தான் மரத்துப்போகிற ஊசி, சதைக்குப் போட மாட்டோம், சதைக்குள் மருந்து இறங்கினால் எடுக்கிற துண்டு கெட்டுப்போகும், அதனால் அறுக்கும்போது ஒரு இழுப்பு இருக்கும், கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள் என்று அந்தச் சின்ன டாக்டர் சொன்னபோது எனக்குச் சிரிப்பு வந்தது. பொறுத்துக்கொள்ள வேண்டுமாம். ஒரு வருஷம் இரண்டு மாதமாக வேறு என்ன செய்துகொண்டிருந்தேன் என்று நினைத்தாரோ. மல்லாக்கப் படுக்கவைத்து இடுப்புக்குக் கீழே பச்சைத் துணி போர்த்தி, இடது தொடையில் மட்டும் ஒரு சன்னல் அளவுக்குத் திறந்து விட்டிருக்கிறார்கள். என் முகத்துக்கும் என் தொடைக்கும் நடுவில் ஒரு திரை. திரைக்கு அந்தப் பக்கம் இருப்பது என் கால்தான், ஆனாலும் அங்கே நடப்பதை நான் பார்க்கக் கூடாது. பரவாயில்லை, வேடிக்கை பார்க்க நான் வரவில்லை. சாட்சி எடுக்க வந்திருக்கிறேன். என் தொடையிலிருந்து ஒரு துண்டு வெளியே போய், ஒரு கண்ணாடி ஸ்லைடில் ஒட்டிக்கொண்டு, மோகனாம்பாள் நடிக்கவில்லை, மோகனாம்பாளுக்கு நோய் இருக்கிறது என்று சொல்ல வேண்டும். அதைக் கேட்க வேண்டிய ஆள் வெளியே இரும்பு நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறான். நாச்சிமுத்து, என் புருஷன், எங்கள் ஊர் மேல்நிலைப் பள்ளியில் பி.டி. மாஸ்டர். வாயில் அவர் என்றுதான் வரும், இருபத்திரண்டு வருஷத்துப் பழக்கம். மனசுக்குள் கொஞ்ச நாளாக அவன் என்றுதான் ஓடுகிறது. இன்றைக்குக் காலையில்கூட இந்த ஆஸ்பத்திரி வாசலில் நான் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றபோது, "மூணே படி புள்ள, மூச்ச இழுத்துப் புடிச்சு ஏறு" என்றான். எண்ணத் தெரியாமலா நின்றேன்.

ஊசி இறங்குகிறது. எறும்பு கடிக்கிற மாதிரிதான் இருக்கும் என்று பிளசி சிஸ்டர் சொன்னாள். எறும்பெல்லாம் இல்லை, குளவி. ஒன்று, பக்கத்திலேயே இன்னொன்று, அப்புறம் அந்த இடம் எனக்குச் சொந்தமில்லாத மாதிரி ஆகிவிட்டது. முதல்முதலில் இப்படி ஆனது பஸ் படியில். நான் பால் சொசைட்டியில் டெஸ்டர், விடிகாலையில் பால் வாங்கி மாதிரி எடுத்துப் பார்த்து முடித்துவிட்டு எட்டரை மணி மினி பஸ்ஸில் டவுனுக்கு வங்கிக்குப் போக நின்றேன். வலது காலைத் தூக்கிப் படியில் வைத்தேன், வைத்த கால் என்னை மேலே தூக்கவில்லை. வலி இல்லை, சுளுக்கு இல்லை, எழுந்துகொள்ளப் பிடிக்காதவளைப்போல அது சும்மா இருந்தது. பின்னால் நின்ற பெண்பிள்ளை இடுப்பில் கை கொடுத்துத் தள்ளிவிட்டாள். அன்றைக்கு ரத்தச்சோகை என்று நினைத்துக்கொண்டேன், பேரீச்சம்பழம் வாங்கினேன். அப்புறம் கொடியில் துணி போடக் கை மேலே போகவில்லை. தலை சீவ முழங்கையை மேஜைமேல் முட்டுக் கொடுத்து, தலையைக் குனிந்து சீப்பிடம் கொண்டுபோனேன். கக்கூஸில் உட்கார்ந்தால் எழுந்திருக்க முடியாது. தண்ணீர்க் குழாயைப் பிடித்து, சுவரைப் பிடித்து, அதுவும் முடியாமல் ஒருநாள் அரைமணி நேரம் அங்கேயே உட்கார்ந்து அழுதேன். கதவைத் தட்டினான். "என்ன புள்ள, தூங்கிட்டியா?" என்றான். தாழ்ப்பாளை எட்ட எனக்குக் கை வரவில்லை என்று சொன்னேன். கதவை உடைத்துத்தான் உள்ளே வந்தான், தூக்கி நிறுத்தினான், அது வரைக்கும் சரி. நிறுத்திவிட்டுச் சொன்னானே, அதைத்தான் என்னால் விழுங்க முடியவில்லை. "நாப்பத்திமூணு வயசுல இப்படி ஆனா அறுபதுல என்ன பண்ணுவ? ஒடம்ப வளைக்காம வெச்சிருந்தா துரு புடிக்கத்தான் செய்யும்." ஒடம்ப வளைக்காமலாம். விடிகாலை நாலரை மணிக்கு எழுந்து நாற்பது லிட்டர் கேனைச் சாய்க்கிறவளிடம் சொல்கிறான், ஒன்பது மணிக்கு விசில் ஊதப் போகிறவன். அந்த விசிலும் கழுத்தில்தான் தொங்கியது அப்போது.

மறுநாளே தோப்புக்கரணம் ஆரம்பித்தது. பள்ளிக்கூடத்தில் லேட்டாக வரும் பையன்களுக்குத் தண்டனையாகப் போடச் சொல்வது, வீட்டில் அதற்கு வைத்தியம் என்று பெயர். காலையில் சொசைட்டி முடிந்து வந்ததும் கூடத்தில், முதலில் பத்து, பிறகு இருபது, பிறகு நாற்பது. சன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு போட்டேன். கீழே போவேன், மேலே வர மாட்டேன், அவன் ரெண்டு கையையும் பிடித்துத் தூக்குவான், தூக்கிக்கொண்டே எண்ணுவான். "மனசுல தெம்பிருந்தா ஒடம்பு தானா எந்திரிக்கும்" என்பான். அதைப் பள்ளிக்கூட மைதானச் சுவரில் எழுதியும் வைத்திருக்கிறான், நீல எழுத்தில், தன் பெயரோடு. நான் என்ன செய்தேன், போட்டேன். அதுதான் எனக்கு ஆத்திரம், அவன் சொன்னதை நான் நம்பிப் போட்டேன். என் உடம்பைவிட அவன் வாயை நம்பினேன். பிறகு கால் வீங்கியது, மூத்திரம் டீத்தண்ணி நிறத்தில் போனது, எங்கள் ஊர் கிளினிக் டாக்டரிடம் போனோம். ரத்தம் எடுத்துப் பார்த்தார். சதை சிதைந்தால் ரத்தத்தில் கலக்கிற ஏதோ ஒன்று, இருநூறுக்குள் இருக்க வேண்டியது, எனக்கு ஆறாயிரத்துச் சொச்சம். டாக்டர் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு பார்த்தார். அந்த ஒரு நிமிஷம் எனக்கு ஞாபகம் இருக்கிறது, ஏனென்றால் அந்த ஒரு நிமிஷம் எனக்கு நோய் இருந்தது. அப்புறம் கேட்டார், "எக்சர்சைஸ் ஏதாச்சும் பண்றீங்களாம்மா?" நான் வாயைத் திறக்குமுன் இவன் சொன்னான், "டெய்லி நாப்பது தோப்புக்கரணம் சார், நான் பக்கத்துல நின்னு போட வெக்கறனுங்க." டாக்டர் காகிதத்தைக் கீழே வைத்துவிட்டார். "அதான பாத்தேன். கடுமையா பண்ணா இது ஏறும். தண்ணி நெறைய குடிங்க, ஒண்ணுமில்ல." முடிந்தது. நோயைக் காட்டிக்கொடுக்க வந்த அந்த ஆறாயிரத்தை அவன் தோப்புக்கரணம் விழுங்கிவிட்டது. வெளியே வந்தபோது அவன் முகத்தைப் பார்க்க வேண்டுமே, மாவட்டப் போட்டியில் கப்பு வாங்கிய முகம். அடுத்த வாரம் ஐம்பதாக ஏற்றினான். அதற்குப் பிறகு பத்து மாதம். பத்து மாதம் என்பது எத்தனை தோப்புக்கரணம் என்று கணக்குப் போட ஆரம்பித்தால் எனக்கு இந்த மேஜையிலேயே கத்தத் தோன்றுகிறது.

"பிளேடு" என்கிறார் டாக்டர். தோல் திறக்கிறது, வலிக்கவில்லை, யாரோ விரல் நகத்தால் கோடு இழுக்கிற மாதிரி மட்டும் இருக்கிறது. "கால ஆட்டாதீங்கம்மா" என்கிறாள் பிளசி சிஸ்டர், என் தோளில் கை வைத்தபடி. ஆட்ட முடிந்தால் நான் ஏன் இங்கே வருகிறேன். தாரணி போனில் சொன்னது ஞாபகம் வருகிறது, என் மகள், ஈரோட்டில் ஹாஸ்டலில் இருந்து படிக்கிறாள். "அம்மா, அப்பா ஒங்க நல்லதுக்குத்தான சொல்றாரு, கொஞ்சம் ட்ரை பண்ணுங்களேன்." அவளையும் அவன் பக்கம் சேர்த்துக்கொண்டான் பார். அதற்குத்தான் இது. ரிப்போர்ட் வரட்டும், வந்ததும் அவனை உட்காரவைத்து வாய்விட்டுப் படிக்கச் சொல்வேன், ஒவ்வொரு வரியாக, தாரணி கேட்க. ஸ்லைடில் தெரிகிற படத்தை இவ்வளவு பெரிதாகப் போட்டோ போட்டு, கூடத்தில் அவன் கப்புகள் இருக்கிற கண்ணாடி அலமாரியில் நடுவில் வைப்பேன். வருகிறவர்கள் எல்லாரும் கேட்பார்கள், இது என்னங்க மாஸ்டர், ரோஜாப்பூ மாதிரி இருக்குது என்று. என் பொண்டாட்டி தொடைங்க என்று அவன் சொல்ல வேண்டும். நேற்று அந்த மாதிரி ஒரு படத்தை லேபுக்காரி நூர்ஜஹான் தன் போனில் காட்டினாள். இரண்டாம் மாடியில் சதைத் துண்டுகளை மட்டும் பார்க்கிற லேப், அங்கே அவள்தான் வெட்டி, சாயம் ஏற்றி, டாக்டர்களுக்குக் கொடுப்பவள். இந்த ஆஸ்பத்திரியில் என்னைப் பார்க்கிற ஷெரின் டாக்டர் என்னை அவளிடம் அனுப்பியிருந்தார். அவர்தான் முதலில் சொன்னவர், மூன்று வாரம் தோப்புக்கரணமே போடாதீங்க, அப்புறம் ரத்தம் பார்க்கலாம் என்று. மூன்று வாரம் கழித்து ஒன்பதாயிரம். அதற்கும் இவன் ஒரு பதில் வைத்திருந்தான், "படுத்தே கெடந்தா ஏறாம என்னங்க பண்ணும்?" என்று. ஷெரின் டாக்டர் அவனைத் திரும்பியே பார்க்கவில்லை. என்னைப் பார்த்து, "ரத்தம் சொல்றது பத்தாது மோகனா, சதைய எடுத்துப் பாத்தாத்தான் எந்த வகைன்னு தெரியும். வகை தெரியாம மாத்திரை ஆரம்பிக்கக் கூடாது" என்றார். பெயர் சொல்லிக் கூப்பிட்டார். அதற்கே எனக்குக் கண் கலங்கிவிட்டது, வெட்கக்கேடு.

நூர்ஜஹான் படத்தில், நல்ல சதை என்று ஒன்று, நெருக்கிப் பிடித்துக் கட்டிய கட்டு மாதிரி இழைகள் ஒன்றோடு ஒன்று ஒட்டி இருந்தன. கெட்ட சதை என்று இன்னொன்று, இழைகளுக்கு நடுவே கருநீலப் புள்ளிகள், கும்பல் கும்பலாக, சிலது இழைக்கு உள்ளேயே புகுந்திருந்தன. "இதுங்க எல்லாம் நம்ம ஒடம்போட காவல்காரங்கதான் அக்கா, கிருமிய அடிக்கறதுக்கு இருக்கறவங்க. என்னமோ புத்தி பேதலிச்சு சொந்த சதையவே கடிக்கறாங்க" என்றாள். சொந்த வீட்டு ஆள் கடிப்பது எனக்குப் புதிதில்லை என்று சொல்ல வாய் வந்தது, சொல்லவில்லை. மூன்று நான்கு வகை இருக்கிறதாம். ஒரு வகை மாத்திரைக்கு நன்றாகக் கேட்கும், எழுந்து நடக்கலாம். ஒரு வகைக்கு வேறு மருந்து. ஒரு வகைக்கு எந்த மருந்தும் பெரிதாகக் கேட்காது. எல்லாம் வெளியே ஒரே மாதிரிதான் தெரியும், உள்ளேதான் வேறு. எனக்குத் தொண்டையும் இப்போதெல்லாம் அடைக்கிறது, தயிர்சாதம்கூட நடுவில் நின்று யோசித்துவிட்டுத்தான் இறங்குகிறது. மூச்சுவிடுகிற சதைக்கும் இது போகுமா என்று கேட்க வேண்டும் என்று இருந்தேன், கேட்கவில்லை. பயம். பயத்தைவிடப் பெரிய பயம் இன்னொன்று உண்டு, யாரிடமும் சொல்லவில்லை. ஒன்றுமே இல்லை என்று வந்துவிட்டால்? புள்ளியே இல்லாமல் இழைகள் எல்லாம் ஒழுங்காக நெருக்கி உட்கார்ந்திருந்தால்? சந்தோஷப்பட வேண்டிய விஷயம், கோயிலுக்குப் போக வேண்டிய விஷயம். நான் படுத்துக்கொண்டு இந்த டியூப்லைட்டைப் பார்த்து வேண்டிக்கொண்டிருக்கிறேன், இருக்கட்டும், நோய் இருக்கட்டும், நிறையவே இருக்கட்டும் என்று. எவளாவது இப்படி வேண்டுவாளா. வேண்டவைத்துவிட்டான். அவன் ஜெயித்து நான் பிழைப்பதைவிட நான் ஜெயித்து என்ன ஆனாலும் சரி என்று ஆகிவிட்டேன், அதற்கும் சேர்த்துத்தான் அவனிடம் கேட்கவேண்டும்.

இழுப்பு. அம்மாடி, இதுதான் இழுப்பு. தொடைக்கு உள்ளே ஒரு கயிற்றைப் பிடித்துச் சுண்டுகிறார்கள், கெண்டைக்கால் பிடித்துக்கொள்கிற வலி, ஆனால் எலும்புக்குப் பக்கத்தில். பல்லைக் கடித்தேன். "முடிஞ்சுதும்மா, முடிஞ்சுது, சூப்பர்" என்கிறார் டாக்டர். பிளசி சிஸ்டர் தோளிலிருந்து கையை எடுத்துவிட்டு அந்தப் பக்கம் போனாள், கிண்ணம் கிணுக்கென்று சத்தம், ஒரு மூடி திருகித் திறக்கிற சத்தம். அப்போது மூக்கில் ஏறியது. எனக்குத் தெரிந்த நாற்றம். ஒரு நொடி நான் சொசைட்டியிலேயே இருந்தேன், மர ரேக்கில் பாட்டில்கள், ஒவ்வொன்றிலும் பால் ஊற்றுகிறவர் நம்பர். மாவட்டப் பால் யூனியன் லேபுக்கு அனுப்புகிற பால் மாதிரியில் இரண்டு சொட்டு விடுவோமே, கண்ணைக் கரிக்கிற அந்த மருந்து, ஃபார்மலின். விட்டால் பால் நாள்கணக்கில் கெடாது. கொழுப்புப் பார்க்க ஆகும். ஆனால் கிருமி பார்க்க ஆகாது, எல்லாம் செத்துப்போயிருக்கும். கிருமி பார்க்க வேண்டிய பாட்டிலில் புது ஆள் ஒருவன் பழக்கதோஷத்தில் சொட்டு விட்டுவிட்டான் என்று ஒரு தடவை அன்றைக்கு எடுத்த மாதிரிகள் முழுவதையும் நான் சாக்கடையில் கொட்டியிருக்கிறேன். நேற்று நூர்ஜஹான் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னதும் இதைத்தான். "ஆபரேஷன் தியேட்டர்ல எத எடுத்தாலும் ஃபார்மலின்ல போடறது பழக்கம் அக்கா. கட்டி, கர்ப்பப்பை, குடல், எல்லாம் அதுலதான். சதை மட்டும் பச்சையா வரணும். உப்புத்தண்ணி நனைச்ச துணியில சுத்தி, ஐஸ் பெட்டியில. நான் அத உறைய வெச்சு வெட்டணும். ஃபார்மலின்ல விழுந்துச்சுன்னா நான் பாக்க வேண்டியதுல பாதி பாக்க முடியாது. நானே பெட்டியோட வாசல்ல வந்து நிப்பேன்." வாசலில் அவள் இல்லை. லிப்டில் நிற்கிறாளோ என்னவோ. "டாக்டர்," என்றேன், "அது ஃபார்மலினுங்க." "நீங்க பேசாம படுங்கம்மா, தையல் போடணும்" என்றார். இதே குரல். எல்லாரிடமும் எனக்கென்று இந்த ஒரு குரல் இருக்கிறது. "டாக்டர், நான் பால் சொசைட்டி டெஸ்டருங்க. பதினெட்டு வருசமா அந்த நாத்தத்துலதான் நிக்கறேன். என்னோட சதைய நீங்க போட்டது ஃபார்மலின் பாட்டில்ல. கொஞ்சம் லேபிளப் பாருங்க."

பாட்டிலைத் திருப்புகிற சத்தம். லேபிளைப் பார்க்கிறார்கள் என்று எனக்குத் தெரிந்தது, பார்க்க எவ்வளவு நேரம் ஆகும், ஒரு வார்த்தைதானே. "சிஸ்டர்" என்றார் டாக்டர், அவ்வளவுதான் சொன்னார். பிளசி சிஸ்டர், "எப்பவும் அதுலதான சார் போடுவோம்" என்றாள், அழுகிற குரலில். அவள்மேல் எனக்குக் கோபம் வரவில்லை, ஆச்சரியமாக இருந்தது. எனக்கு வரவேண்டிய கோபம் எல்லாம் ஒரே ஆளுக்கு என்று எடுத்துவைத்திருக்கிறேன் போல. டாக்டர் திரைக்கு மேலே தலையை நீட்டினார், முகக்கவசத்துக்கு மேலே இரண்டு கண்தான், சின்னப் பையன் கண். "இதையும் அனுப்பலாம்மா, ஏதோ ஒரு ரிப்போர்ட் வரும். கொஞ்சம்தான் பாக்க முடியாது." ஏதோ ஒரு ரிப்போர்ட். எனக்குத் தெரியும் அந்த ரிப்போர்ட். உறுதியாகச் சொல்ல இயலவில்லை என்று ஒரு வரி இருக்கும். அந்த ஒரு வரியை இவன் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு ஊரெல்லாம் சுற்றுவான், பாத்தீங்களா, பெரிய ஆஸ்பத்திரியிலயும் ஒண்ணும் கண்டுபுடிக்க முடியல என்று. அறுபது தோப்புக்கரணம். "வேண்டாமுங்க. இன்னொரு துண்டு எடுங்க" என்றேன். "மறுபடி எடுத்தா மறுபடி வலிக்கும். மரப்பு வேற குறைஞ்சுட்டு வரும்." "எடுங்க." "அப்ப அட்டெண்டர் கையெழுத்து வேணும். வெளிய ஒங்க வீட்டுக்காரர்தான? சிஸ்டர், அவர்கிட்ட ஒரு சைன்" என்று ஆரம்பித்தார். அப்போதுதான் எனக்கு உண்மையிலேயே ரத்தம் தலைக்கு ஏறியது. என் தொடையைத் திறப்பதற்கு அவன் கையெழுத்து. வேண்டாம், போதும், விட்ருங்க என்று அவன் சொல்லிவிட்டால் இந்தத் திரைக்குப் பின்னாலேயே எல்லாம் முடிந்துபோகும், பத்து மாதமாக முடிந்ததைப் போலவே. "சதை என்னுதுங்க டாக்டர். எனக்குப் புத்தி தெளிவா இருக்குது, எழுதப் படிக்கத் தெரியும். ஃபாரம் வெச்ச அட்டைய இங்க கொண்டாங்க" என்றேன். கொண்டுவந்தார்கள். கை மேலே வரவில்லை. அட்டையை நெஞ்சுக்குப் பக்கத்தில் இறக்கிப் பிடித்தாள் பிளசி சிஸ்டர், சி. மோகனாம்பாள் என்று எழுதுவதற்கு ஒரு மலையைத் தாண்டுகிற நேரம் ஆயிற்று. இருபத்திரண்டு வருஷமாக நா. மோகனாம்பாள் என்று போட்டுக்கொண்டிருந்தவள், அப்பாவின் எழுத்தை எப்படிப் போட்டேன் என்று எனக்கே தெரியவில்லை.

நூர்ஜஹான் வந்துவிட்டாள். கதவருகில் மூச்சிரைக்கிற சத்தம், "லிப்ட் நின்னுபோச்சு சார், படியில வரேன்" என்றாள். என்ன நடந்தது என்று பாட்டிலைப் பார்த்ததுமே அவளுக்குத் தெரிந்திருக்க வேண்டும், ஐஸ் பெட்டியைத் திறக்கிற சத்தம் கேட்டது. இந்தத் தடவை இழுப்பு வந்தபோது எனக்கு நிஜமாகவே ஒரு சத்தம் வந்துவிட்டது, மாடு கத்துகிற மாதிரி, அது என் வாயிலிருந்துதான் வந்தது என்று கொஞ்சம் கழித்துத்தான் புரிந்தது. கண்ணில் தண்ணீர் காதுக்குள் இறங்கியது, துடைக்கக் கை எட்டாது. மரத்த தோலுக்கு அடியில் மரக்காத சதையை அறுக்கிறார்கள், அறுக்கட்டும், இன்னும் கொஞ்சம் ஆழமாக வேண்டுமானாலும் அறுக்கட்டும். "ஈரத்துணி" என்றாள் நூர்ஜஹான். "இங்க வைங்க சார். பிழியாதீங்க." "சார், கலர் பாத்தீங்களா" என்று அவள் மெதுவாகச் சொன்னாள். டாக்டர் ம் என்றார். "என்னங்க கலர்?" என்று கேட்டேன். நூர்ஜஹான் திரையைச் சுற்றி என் தலைமாட்டுக்கு வந்தாள், பெட்டியை மார்போடு அணைத்துக்கொண்டு. "நல்ல சதை நல்லா செவப்பா இருக்கும் அக்கா. இது வெளுத்திருக்கு, மீன் மாதிரி. எந்த வகைன்னு நான் உறைய வெச்சு வெட்டினாத்தான் தெரியும். ஆனா இது சும்மா இருக்கற சதை இல்ல." சும்மா இருக்கிற சதை இல்லை. நான் டியூப்லைட்டைப் பார்த்தேன். சிரித்தேன் என்று நினைக்கிறேன், இல்லை அழுதேனோ, இரண்டுக்கும் சதை வேண்டும், முகத்தில் அது இன்னும் மிச்சம் இருக்கிறது. ஜெயித்துவிட்டேன். நோய் இருக்கிறது எனக்கு. இருக்கிறது, இருக்கிறது. இருக்கிறதே. இருந்தால், எந்த வகை? கேட்காத வகையாக இருந்தால்? இவ்வளவு நேரம் வேண்டிக்கொண்டேனே, அது காதில் விழுந்துவிட்டதா. நூர்ஜஹான் போய்விட்டாள், ஓடுகிறாள், அவள் செருப்புச் சத்தம் படியில் ஏறுவது கேட்கிறது, என் சதை எனக்கு முன்னால் படி ஏறிப் போகிறது.

தையல் போடுகிறார்கள். டாக்டர் பேச்சுக் கொடுக்கிறார், தப்பு செய்தவர்கள் பேசுகிற மாதிரி நிறையப் பேசுகிறார். "நல்ல வேளை சொன்னீங்கம்மா. நான் வேணும்னா வெளிய போய் ஒங்க வீட்டுக்காரர்கிட்ட சொல்றேன், சதை நார்மலா இல்ல, கண்டிப்பா வியாதிதான்னு. அவரும் பாவம் தெரிஞ்சுக்கட்டும்." இதற்காகத்தானே வந்தேன். ஒரு டாக்டரே போய், வெள்ளைக் கோட்டோடு, அவன் முகத்துக்கு நேரே. சொல்லுங்க என்று சொல்ல வேண்டியதுதான். ஆனால் அதற்கப்புறம் என்ன நடக்கும் என்று எனக்குச் சட்டென்று படம் மாதிரி தெரிந்தது. அவன் தலையில் கை வைத்துக்கொள்வான். அழுவான், அவனுக்கு அழ வரும், தோற்ற டீமுக்காக மைதானத்தில் அழுதவன். உள்ளே வந்து என் காலைப் பிடித்துக்கொள்வான். நாளையிலிருந்து இளநீர் வெட்டித் தருவான், கைத்தாங்கலாகக் கூட்டிப்போவான், சக்கர நாற்காலி தள்ளுவான், சொசைட்டிக்கு வருகிறவர்கள் எல்லாரும் சொல்வார்கள், மாஸ்டர் மாதிரி யாரு பாத்துக்குவாங்க, மோகனா கொடுத்து வெச்சவ என்று. தாரணியும் சொல்வாள். ஒரு வாரத்தில் தோப்புக்கரணம் யாருக்கும் ஞாபகம் இருக்காது, அவனுக்கே ஞாபகம் இருக்காது. என் நோயை எடுத்துத் தன் கப்புகளோடு அவன் அடுக்கிவிடுவான். ஆறாயிரத்தை விழுங்கினானே, அதைப் போலவே இதையும் விழுங்கிவிடுவான். நான் அவனுக்குச் சாட்சி கொண்டுவரவில்லை, புது வேஷம் கொண்டுவந்திருக்கிறேன். டாக்டர் கடைசி முடிச்சைப் போட்டுவிட்டுக் கையுறையைக் கழற்றினார்.

கதவு திறந்து பிளசி சிஸ்டர் வந்தாள், எப்போது வெளியே போனாள் என்றே எனக்குத் தெரியாது. என் காதருகில் குனிந்தாள். "அம்மா, நீங்க கத்துனது வெளிய கேட்டுருச்சு. சார் சேர விட்டு எந்திரிச்சு கதவுகிட்டயே நிக்கறாரு, அழுகறாரு. என்னாச்சு என்னாச்சுன்னு கையப் புடிச்சுக்கறாரு. எல்லாம் நல்லபடியா முடிஞ்சுது, நீங்க நல்லா இருக்கீங்கன்னு ஒரு வார்த்தை சொல்லிட்டு வந்துரட்டுமா?" அழுகிறான். நான் அதை மெதுவாக உள்ளே வாங்கிக்கொண்டேன். இனித்தது, பொய் சொல்ல மாட்டேன், நெஞ்சு நிறைய இனித்தது. நடுவில் எங்கேயோ, கக்கூஸ் கதவை உடைத்துக்கொண்டு வந்தபோது அவன் முகம் எப்படி இருந்தது என்பதும் ஒரு நொடி வந்தது, பயந்த முகம்தான் அது, அதை நான் தள்ளிவிட்டேன். "வேண்டாம் சிஸ்டர்" என்றேன். "நல்லா இருக்கேன்னும் சொல்ல வேண்டாம், வியாதின்னும் சொல்ல வேண்டாம். சதைய எடுத்துருக்குது, ரிப்போர்ட் வரப் பத்து நாள் ஆகும், அதுவரைக்கும் எதுவும் சொல்ல முடியாதுன்னு சொல்லுங்க. கேட்டா மறுபடி அதையே சொல்லுங்க." அவள் என் முகத்தையே பார்த்தாள், என்ன பெண்பிள்ளை இவள் என்று நினைத்திருப்பாள், நினைக்கட்டும். "டாக்டர், நீங்களும் அப்படியே சொல்லிருங்க" என்றேன். டாக்டர் தலையை ஆட்டினார், இன்றைக்கு அவரால் என்னிடம் மறுபேச்சுப் பேச முடியாது. கதவு திறந்தது, நாச்சிமுத்துவின் குரல் கேட்டது, "சிஸ்டர், அவளுக்கு என்னங்க, ஒண்ணுமில்லீங்களே? ஒண்ணுமில்லன்னு சொல்லுங்க" என்று. ஒண்ணுமில்லை என்று ஒரு வருஷமாக எனக்குச் சொன்ன வாய். கதவு மூடிக்கொண்டது, நான் கண்ணை மூடிக்கொண்டேன்.